ஹெக்ஸம் சேற்றுக்கு எந்த ரப்பர் பூட்ஸ்?

ரப்பர் பூட்ஸ் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, தண்ணீர் உள்ளே வருமா என்றுதான். புதிய ரப்பர் பூட்ஸ் எதிலும் வராது. விவசாயப் பொருள் கடையில் 20 பவுண்டுக்குத் தொங்குகிற பச்சை பூட்ஸிலும் வராது, 200 பவுண்டைத் தாண்டும் பிரெஞ்சு பூட்ஸிலும் வராது. அப்படியானால் கூடுதல் 180 பவுண்டு எதற்கு என்பதுதான் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளிர்காலத்தில் நாள் முழுக்க நடக்கிறவருக்கு, குதிகாலையும் புறங்காலையும் சரியாகப் பிடிக்கிற, மெல்லிய துணி லைனிங் உள்ள இயற்கை ரப்பர் பூட்ஸும் நல்ல கம்பளி சாக்ஸும் போதும். கடைகளில் முன்வரிசையில் நிற்கிற, நியோப்ரீன் என்ற நுரை ரப்பர் வைத்த தடித்த பூட்ஸ், ஓரிடத்தில் அசையாமல் காத்திருப்பவருக்கானது. இந்த வித்தியாசம் தெரியாமல் வாங்கித்தான் நிறையப் பேர் கால் வியர்த்து, அந்த வியர்வையே குளிர்ந்து, பூட்ஸ் ஒழுகுகிறது என்று திருப்பிக் கொடுக்கிறார்கள்.

நாங்கள் இருப்பது வடகிழக்கு இங்கிலாந்தில், நார்த்தம்பர்லாந்தின் ஹெக்ஸம் பக்கம். நான் செவிலியர். எங்களிடம் ஒரு ஸ்பேனியல் நாய் இருக்கிறது. மழையானாலும் பனியானாலும் அதை வெளியே கூட்டிப் போயாக வேண்டும். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓய்வு பெற்ற கேம்கீப்பர், அதாவது வேட்டைப் பறவைகளை வளர்த்துக் காக்கும் வேலை பார்த்தவர். அவர்தான் என்னையும் என் கணவரையும் குளிர்கால வேட்டை நாட்களில் பறவை கிளப்பும் வேலைக்குக் கூட்டிப்போனார். இங்கிலாந்தில் ஃபெசன்ட் என்ற கோழியினப் பறவையின் வேட்டை அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை. ஞாயிற்றுக்கிழமை கூடாது. எங்கள் கையில் துப்பாக்கி கிடையாது. கையில் ஒரு கம்பு, கம்பின் நுனியில் ஒரு பழைய உரச்சாக்குத் துண்டு. வரிசையாக நின்று புதரைத் தட்டிக்கொண்டே மெதுவாக முன்னேற வேண்டும். பறவைகள் எழும்பி, எதிர்ப்பக்கம் காத்திருக்கும் துப்பாக்கிக்காரர்களின் தலைக்கு மேலே பறக்கும்.

சொல்வதற்குச் சுலபம். ஆனால் காலுக்கு இது பெரிய சோதனை. பறவைகளுக்காகவே வளர்த்த கேல் கீரை வயலில் இலை முழுக்க மழைநீர் நிற்கும்; முட்டிவரை நனையும். அதைத் தாண்டினால் காய்ந்த பெரணிப் புதர், ப்ளாக்பெர்ரி முள், ஒரு ஓடை, பிறகு சிட்கா ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத் தோப்பு. 2021 நவம்பரில் அடித்த ஆர்வென் புயலில் இந்தப் பக்கம் சாய்ந்த மரங்கள் ஏராளம். சில தோப்புகளில் இன்னும் அடிமரத்தின் மேல் காலைத் தூக்கிப் போட்டுத்தான் கடக்க வேண்டும். அப்புறம் திடீரென்று "நில்" என்பார்கள். வேலி ஓரமாக அரை மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும். டிசம்பரில் பிற்பகல் மூன்றே முக்காலுக்கெல்லாம் சூரியன் போய்விடும். ஆக, ஒரே நாளில் வியர்க்க வியர்க்க நடையும் உண்டு, விறைக்க விறைக்க நிற்பதும் உண்டு. இரண்டுக்கும் ஒரே பூட்ஸ்தான்.

இங்கே குளிர் கடும் குளிர் அல்ல. பெரும்பாலான நாட்களில் பூஜ்யத்துக்கு மேலே ஐந்தாறு டிகிரி இருக்கும். அதனால் காலுக்கு ஆபத்து இல்லை என்று நினைப்பவர்களை மருத்துவமனையிலும் பார்க்கிறேன், வயல் ஓரத்திலும் பார்க்கிறேன். உறையாத ஈரக் குளிரே பாதத்தைக் கெடுக்கப் போதுமானது. ரத்தக் குழாய்கள் சுருங்கி, தோல் வெளுத்து, மரத்துப்போய், பிறகு வீங்கி எரியும். முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளில் நின்ற வீரர்களுக்கு இதுதான் வந்தது. ட்ரெஞ்ச் ஃபுட் என்ற பெயரே அங்கிருந்து வந்தது. 1856-ல் எடின்பரோவில் ஹென்றி லீ நாரிஸ் என்ற அமெரிக்கர் தொடங்கிய நார்த் பிரிட்டிஷ் ரப்பர் கம்பெனி, பின்னாளில் ஹன்டர் என்ற பூட்ஸ் நிறுவனம் ஆனதும் இதுதான், அந்தப் போருக்காக 11,85,036 ஜோடி பூட்ஸ் செய்து கொடுத்தது. அத்தனை ரப்பர் போனபிறகும் காலுக்கு எண்ணெய் தேய்க்கவும் உலர்ந்த சாக்ஸ் மாற்றவும் தனியாக உத்தரவு போட வேண்டியிருந்தது. வெளித்தண்ணீரைத் தடுப்பது பாதி வேலைதான். உள்ளே ஊறும் ஈரத்தை என்ன செய்வது என்பது மீதி. பூட்ஸ் வாங்கும்போது இந்த மீதிப் பாதியை யாரும் யோசிப்பதில்லை.

பொருள் எது என்று முதலில் பாருங்கள். எனக்கு இதில் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. நான் குமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கத்துப் பெண். விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவள். வெட்டிய பாலை ஆசிட் விட்டு உறைய வைத்து, ரோலரில் கொடுத்து ஷீட்டாக அடித்து, புகைக்கூடத்தில் தொங்கவிடும் அந்த வாசம் எங்கள் தெருவின் வாசம். பச்சை ரப்பர் வெயிலில் கிடந்தால் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது இரண்டுக்கும் அசையாது. சார்லஸ் குட்இயர் இதற்கு அமெரிக்காவில் 1844-ல் காப்புரிமை வாங்கினார். அவரிடம் உரிமம் பெற்ற ஹைரம் ஹட்சின்சன் என்ற அமெரிக்கர் 1853-ல் பிரான்ஸில், மரச்செருப்போடு வயலில் இறங்கிக்கொண்டிருந்த விவசாயிகளுக்கு ரப்பர் பூட்ஸ் செய்ய ஆரம்பித்தார். அதுதான் இன்றைய ஏகிள் நிறுவனம். நான் முதன்முதலாக நல்ல பூட்ஸ் வாங்கியதைப் போனில் சொன்னபோது அம்மா, "ரப்பரு நம்ம ஊருலேருந்து சுத்தி சுத்தி உன் காலுக்கே வந்துட்டே மக்ளே" என்றாள். அது எந்த நாட்டுப் பாலோ, ஆனாலும் எனக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது.

இயற்கை ரப்பர் நல்லது என்பது என் ஊர்ப் பாசத்தில் சொல்வதல்ல. அப்படிக் கந்தகம் சேர்த்துச் சூடாக்கிய, அதாவது வல்கனைஸ் செய்த இயற்கை ரப்பர் எவ்வளவு குளிரிலும் வளையும். கண்ணாடி போல இறுகிப்போக அதற்குப் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 70 டிகிரி வேண்டும். மலிவான பூட்ஸ் பெரும்பாலும் பிவிசி. அது குளிரில் விறைத்துவிடும். கணுக்காலில் மடங்க மறுக்கும். மடங்க மறுப்பதை வலுக்கட்டாயமாக மடக்கி மடக்கி ஒரு நாள் அந்த மடிப்பிலேயே வெடிக்கும். கடையில் அடையாளம் காண்பது எளிது. கணுக்கால் பகுதியை விரலால் அழுத்தி மடக்குங்கள். ரப்பர் மெத்தென்று மடங்கி உடனே பழையபடி நிமிரும். பிவிசி பளபளப்பாக, மணம் இல்லாமலோ பிளாஸ்டிக் மணத்தோடோ, அச்சில் வார்த்த கோட்டோடு இருக்கும். ரப்பர் பூட்ஸை மடக்கும் இடத்தில் சில நாட்கள் கழித்து வெண்ணிறப் பூச்சு படியலாம். பூஞ்சை இல்லை, பயப்பட வேண்டாம். ரப்பரைக் காக்கச் சேர்த்த மெழுகு போன்ற பொருட்கள் மேலே வருவதுதான் அது. துடைத்தால் போய்விடும். இந்த வெள்ளைப் பூச்சைப் பார்த்துப் பழைய சரக்கு என்று திருப்பி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும்.

மூன்றாவதாக பாலியூரிதேன் என்று ஒன்று உண்டு. டன்லப்பின் ப்யூரோஃபோர்ட், பெல்ஜியத்து பெகினா இரண்டும் இந்த வகை. உள்ளே நுண்ணிய காற்றுக் குமிழ்கள் இருப்பதால் கையில் எடுத்தாலே எடை குறைவு தெரியும்; சூடும் நிற்கும். பால்பண்ணைக்காரர்கள் பலர் காலில் இதைத்தான் பார்க்கிறேன். மாட்டுத்தொழுவத்துச் சாணமும் எண்ணெயும் இயற்கை ரப்பரை அரிக்கும். இதற்கு அந்தக் கவலை குறைவு. பண்ணை வேலைக்கு என்றால் நானும் இதையே சொல்வேன். ஆனால் பாதத்தோடு சேர்ந்து மடங்கி நடக்கும் சுகம் ரப்பரில்தான்.

இனி லைனிங். விலை ஏறுவதும் இறங்குவதும் இங்கேதான்.

சாதாரணமாகத் துணி லைனிங் இருக்கும். மெல்லியது, சீக்கிரம் உலரும், சூடு தராது. சூட்டை சாக்ஸ் தர வேண்டும். இதுதான் நடக்கிறவரின் பூட்ஸ் என்பது என் தீர்மானம். ஏனென்றால் சாக்ஸை மாற்றலாம், லைனிங்கை மாற்ற முடியாது. காலையில் குளிராக இருந்தால் தடித்த கம்பளி, பகலில் வெயில் வந்தால் மெல்லிய கம்பளி, நனைந்தால் பையிலிருந்து ஒரு மாற்று ஜோடி. மதிய சாப்பாட்டின்போது சாக்ஸ் மாற்றுவது எங்கள் குழுவில் இப்போது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. பருத்தி சாக்ஸ் மட்டும் வேண்டாம்; நனைந்தால் ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சிவிடும்.

நியோப்ரீன் லைனிங் நீரில் மூழ்குபவர்களின் உடைக்கான அதே நுரைப்பொருள். டுபாண்ட் ஆய்வகத்தில் 1930-ல் பிறந்த செயற்கை ரப்பர் அது. குமிழ்கள் ஒவ்வொன்றும் மூடியிருப்பதால் நன்றாகச் சூடு பிடிக்கும். மக் பூட் நிறுவனத்தின் ஆர்க்டிக் ஸ்போர்ட் 5 மில்லிமீட்டர் நியோப்ரீனும் அதற்குள் மென்கம்பளிப் பரப்பும் கொண்டது; அந்த வகையில் அதுதான் பெயர் பெற்றது. பெரியவரின் மகன் ரோ மான் வேட்டைக்குப் போகிறவர். இங்கே பெண் ரோ மான்களுக்கு நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை அனுமதி. மரத்தோடு சாய்த்த உயரமான இருக்கையில் விடியலுக்கு முன்பே ஏறி, இரண்டு மணி நேரம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார். அவருக்கு இந்த பூட்ஸ் தெய்வம். அந்தி நேரத்தில் குளக்கரையில் வாத்துக்குக் காத்திருப்பவர்களுக்கும் அப்படியே. அதே பூட்ஸைப் போட்டுக்கொண்டு என்னோடு கேல் வயலில் நடந்தவர்கள் பத்து மணிக்கே மேல்கோட்டைக் கழற்றுவார்கள். காலைக் கழற்ற முடியாதே. உள்ளே வியர்வை ஊறும், நின்றவுடன் அது குளிரும். நியோப்ரீன் பூட்ஸுக்குள் இரண்டு சாக்ஸ் போடுவது அதைவிட மோசம். இறுக்கம் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். விரல்களை ஆட்ட இடம் இல்லாவிட்டால் எத்தனை கம்பளி சுற்றினாலும் கால் சூடாகாது. இன்னொன்று, சில மாடல்களில் கெண்டைக்கால் பகுதி வெளியேயும் வெறும் நியோப்ரீன்தான், ரப்பர் பாதத்தோடு நின்றுவிடும். முள்கம்பி ஒரு முறை இழுத்தால் கிழிந்துவிடும். புதருக்குள் போகிறவர்கள் மேல்விளிம்பு வரை ரப்பர் போர்த்திய மாடலாகப் பார்த்து எடுங்கள்.

தோல் லைனிங் என்பது தனிச் சுகம். 1927-ல் ஷெர்பூரில் க்ளோத் ஷமோ தொடங்கிய லெ ஷமோவின் ஷஸ்ஸர் இதற்குப் பேர்போனது. பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஜிப், ஜிப்புக்குப் பின்னால் நீர் புகாத மடிப்பு. பெரியவர் பல வருடமாக அதைத்தான் போடுகிறார். தோல் வியர்வையைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், காலின் வடிவத்துக்குப் பழகிக்கொள்ளும். ஆனால் ஒரு முறை மேலே வழிந்து தண்ணீர் உள்ளே போய்விட்டால் உலர நாட்கள் ஆகும். ஜிப்பை ஒவ்வொரு முறையும் கழுவி மெழுகு தடவ வேண்டும். அவர் அதை ஒரு பூஜை மாதிரி செய்கிறார். முதுகுவலி, முட்டிவலி உள்ளவர்களுக்கு அந்த ஜிப் ஒன்றுக்காகவே இதைச் சொல்லலாம். குனிந்து இழுத்துக் கழற்ற வேண்டியதில்லை.

நான் போடுவது ஏகிள் பார்க்கூர் 2, துணி லைனிங் உள்ளது. நான் வாங்கியபோது 150 பவுண்டைத் தாண்டியது. பிரான்ஸில் கையால் அடுக்கிச் செய்வது. துணியையும் ரப்பர் துண்டுகளையும் கால் அச்சின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, பிறகு மொத்தமாகச் சூட்டில் வேகவைப்பார்கள். நடைக்கென்றே வடிவமைத்த சோல், வெவ்வேறு அடர்த்தியுள்ள அடுக்குகளாக இருக்கும். தார்ச்சாலையில் ஒரு மைல் நடந்தாலே வித்தியாசம் தெரியும். சாதாரண ரப்பர் பூட்ஸில் ஒவ்வொரு அடியும் குதிகாலில் வந்து இடிக்கும், இதில் இல்லை. கணுக்கால் பகுதி கொஞ்சம் ஒட்டினாற்போல வெட்டியிருப்பதால் சேற்றில் கால் புதைந்து இழுக்கும்போது பூட்ஸும் கூடவே வருகிறது. இதே மாடலில் நியோப்ரீன் லைனிங்கோடு ஐசோ என்ற வகையும், கெண்டைக்காலில் பக்கிளால் விரித்துச் சுருக்கும் வேரியோ என்ற வகையும் உண்டு. என் கணவருக்குக் கெண்டைக்கால் தடிமன். அவர் லெ ஷமோ வியர்சோநோர் போடுகிறார், ஏனென்றால் அந்த நிறுவனம் ஒரே பாத அளவிலேயே பல கெண்டைக்கால் சுற்றளவு தருகிறது. அதில் நியோப்ரீன் லைனிங். அவர் என்னைவிட அதிக நேரம் ஓரத்தில் நிற்கிறவர், அதனால் அது அவருக்குப் பொருந்துகிறது. இருவரும் மாறி நின்றால் இருவருக்கும் கஷ்டம்தான்.

இதற்கு முன் எனக்கு ஒரு ஜோடி இருந்தது. பெயர் வேண்டாம், நகரத்துப் பெண்கள் மழைநாளில் அழகுக்குப் போடுகிற வகை. சோல் தட்டை, பள்ளங்கள் மேலோட்டம். கணுக்கால் மடிப்பில் மெல்லிய வெடிப்புகள் வந்து ஓடையில் இறங்கிய ஒரு நாளில் தண்ணீரை உள்ளே விட்டுவிட்டது. நிறுவனத்துக்கு எழுதினேன், தேய்மானம் என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்த ஏமாற்றத்துக்குப் பிறகு, உத்தரவாத வாசகத்தைப் படிக்காமல் பூட்ஸ் வாங்குவதில்லை.

அளவு பார்ப்பதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எதைவிடவும் இதுதான் முக்கியம். ரப்பர் பூட்ஸுக்கு நாடா இல்லை. இறுக்கிக் கட்ட முடியாது. காலைப் பிடிப்பது புறங்கால் மேடும் குதிகாலும் மட்டுமே. பெரும்பாலும் அரை அளவும் கிடையாது. எங்கள் பக்கத்துச் சந்தை ஊரில் ஒரு கடை இருக்கிறது, வேட்டைச் சாமான், நாய்ச்சாமான், மழைக்கோட்டு எல்லாம் விற்கும் பழைய கடை. அங்கே இருக்கும் அம்மாள் யாரையும் காலையில் பூட்ஸ் போட்டுப் பார்க்க விடுவதில்லை. மதியத்துக்கு மேல் வாருங்கள், அப்போதுதான் கால் முழு அளவில் இருக்கும் என்பார். வேட்டைக்குப் போடுகிற அதே சாக்ஸைக் கொண்டுவரச் சொல்வார். பூட்ஸை மாட்டியதும் மாடிப்படி ஏறி இறங்கச் சொல்வார். ஏறும்போது குதிகால் சற்றே எழும்பலாம். ஒரு விரல் அகலத்துக்கு மேல் எழும்பினால் கொப்புளம் நிச்சயம். இறங்கும்போது கட்டைவிரல் முன்னே போய் இடித்தால் அளவு சிறியது. பிறகு முட்டி போட்டு உட்காரச் சொல்வார். பின்விளிம்பு கெண்டைக்காலைக் குத்தினால் அந்த உயரம் உங்களுக்கு ஆகாது. ஆறு ஜோடி கழற்றிப் போட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தாலும் முகம் சுளிக்க மாட்டார். இணையத்தில் பத்து பவுண்டு குறைவாகக் கிடைக்கும்தான். ஆனால் பூட்ஸை மட்டும் இப்படி ஒரு கடையில் வாங்குங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன்.

நம் பெண்களுக்கு ஒரு குறிப்பு. நம்மில் பலருக்குப் பாதம் சிறிதாக, விரல் பகுதி அகலமாக இருக்கும், சிறு வயதில் செருப்போடும் வெறுங்காலோடும் நடந்த பாதம். ஆண்கள் மாடலில் சிறிய அளவு எடுத்தால் முன்பக்கம் சரியாக இருக்கும், குதிகால் ஆடும். பெண்கள் மாடலில் குதிகால் நிற்கும், விரல் நெருக்கும். இரண்டையும் போட்டுப் பாருங்கள். குதிகால் ஆடுவதைக் கம்பளி இன்சோல் ஒன்று போட்டால் ஓரளவு சரி செய்யலாம். விரல் நெருக்குவதை எதாலும் சரி செய்ய முடியாது.

சோலில் பள்ளங்கள் ஆழமாகவும் ஒன்றுக்கொன்று விலகியும் இருக்க வேண்டும். நெருக்கமாக இருந்தால் களிமண் அப்பிக்கொண்டு சோல் வழவழப்பாகிவிடும், ஒவ்வொரு காலிலும் ஒரு கிலோ மண்ணைத் தூக்கிக்கொண்டு நடப்பீர்கள். குதிகாலுக்கு முன்னால் ஒரு தெளிவான படி இருக்க வேண்டும். கல்லடுக்குச் சுவர்களைத் தாண்ட இங்கே வைத்திருக்கும் பாசிபிடித்த படிகளில் அதுதான் பிடிக்கும். ஈரப் பனிக்கட்டியில் எந்த ரப்பரும் பிடிக்காது. அதற்கு மேலே மாட்டிக்கொள்ளும் ஆணிப்பட்டை வேண்டும், அல்லது அன்றைக்கு வீட்டிலேயே இருக்க வேண்டும்.

எல்லா நடைக்கும் ரப்பர் பூட்ஸ் சரியா என்று கேட்டால், இல்லை. எங்கள் வீட்டிலிருந்து, ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவர் பக்கம். சுவரை ஒட்டிய நடைபாதை 135 கிலோமீட்டர், 2003-ல் திறந்தது. அதில் கற்பாறையும் செங்குத்து ஏற்ற இறக்கமும் உள்ள நடுப்பகுதிக்குக் கணுக்காலைத் தாங்கும் தோல் பூட்ஸே வேண்டும். ரப்பரில் இறக்கத்தில் கால் முன்னும் பின்னும் சறுக்கும். ஆனால் சுவரைவிட்டு இறங்கி, மாடு மிதித்துக் குழப்பிய மேய்ச்சல் நிலத்துக்கும் ஆற்றங்கரைக்கும் வந்துவிட்டால் நீர் புகாத சவ்வு வைத்த விலையுயர்ந்த தோல் பூட்ஸ் எதுவும் ரப்பருக்கு ஈடாகாது. தோல் ஊறும், கனக்கும், நாடாத் துளை வழியாகச் சேறு போகும். ரப்பரை வாசலில் குழாயைத் திறந்து கழுவிவிட்டால் தீர்ந்தது. இந்தக் கழுவும் வசதி சோம்பேறித்தனத்துக்கு மட்டும் அல்ல. பறவைக் காய்ச்சல் பரவும் காலத்தில் ஒரு பண்ணையின் சேற்றை இன்னொரு பண்ணைக்கு எடுத்துப்போகக் கூடாது. லார்ச் மரங்களைக் கொல்லும் பைட்டோப்தோரா நோயும் மண்ணோடு ஒட்டிப் போகும்; காட்டு வாசல்களில் பூட்ஸைத் தேய்த்துவிட்டு வரச் சொல்லும் பலகைகளை இதற்காகத்தான் வைக்கிறார்கள். சோல் பள்ளத்தில் குச்சி விட்டுச் சுத்தம் செய்து, பிறகு தண்ணீர் ஊற்றுங்கள்.

உலர்த்துவது நிழலில். ஹீட்டர் மேல் வைத்தால் ரப்பர் சீக்கிரம் முதுமையடையும். செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டு வேறு தாள் திணித்தால் காலைக்குள் உலர்ந்திருக்கும். கோடையில் மடக்கி மூட்டை கட்டி வைக்காதீர்கள். மடிந்த இடத்தைக் காற்றில் உள்ள ஓசோன் வாயு வெடிக்க வைக்கும். பொறி பறக்கும் மின்மோட்டாருக்குப் பக்கத்திலும் வேண்டாம், அங்கே ஓசோன் கொஞ்சம் கூடுதல்.

உள்ளே ஈரமாக இருந்தால் ஒழுகுகிறது என்று முடிவு கட்டும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். உலர்ந்த செய்தித்தாளைத் திணித்து, வாளித் தண்ணீரில் கணுக்காலுக்கு மேலே வரை இரவு முழுக்க நிறுத்தி வையுங்கள். காலையில் தாள் உலர்ந்திருந்தால் அது உங்கள் வியர்வை. தாள் நனைந்திருந்தால் எந்த இடம் என்று அதுவே காட்டும். முள்கம்பி போட்ட சின்னக் கிழிசலுக்கு சைக்கிள் ட்யூப் ஒட்டும் பசையும் துண்டும் அருமையாகப் பிடிக்கும்: உப்புத்தாளால் தேய்த்து, பசை தடவி, கை ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து அழுத்த வேண்டும். கணுக்கால் மடிப்பில் வந்த வெடிப்பில் மட்டும் எந்த ஒட்டும் நிற்காது.

செவிலியராக இரண்டு விஷயம் சொல்லாமல் விட முடியாது. நம் சமூகத்தில் சர்க்கரை நோய் அதிகம். சர்க்கரையால் பாதத்தின் உணர்வு குறைந்தவருக்கு பூட்ஸுக்குள் விழுந்த ஒரு சரளைக்கல் நாள் முழுக்கத் தெரியாது. வீட்டுக்கு வந்து கழற்றும்போது புண் இருக்கும், அந்தப் புண் ஆற மாதங்கள் ஆகும். போடும் முன் ஒவ்வொரு முறையும் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டி, கையை விட்டுத் தடவிப் பாருங்கள். கழற்றியதும் பாதத்தின் அடியை வெளிச்சத்தில் பாருங்கள், குனிய முடியாவிட்டால் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று, விறைத்த காலை நேராகக் கணப்பு முன்னாலோ வெந்நீர்ப் பையிலோ வைக்காதீர்கள். குளிரிலிருந்து சட்டென்று சூட்டுக்குப் போனால் விரல்கள் சிவந்து, வீங்கி, தாங்க முடியாத அரிப்பு வரும். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் தோல் ஒவ்வாமை என்று நினைத்துக் களிம்பு தேடுவது இதற்குத்தான். உலர்ந்த சாக்ஸ் போட்டு, நடமாடி, மெதுவாகச் சூடேற விடுங்கள்.

வாங்கும் நேரம் பற்றிக் கேட்டால், பிப்ரவரி. பறவை வேட்டை முடிந்ததும் கடைகளில் விலை இறங்கும், சேறு மட்டும் ஏப்ரல் வரை இருக்கும். சின்ன அளவுகள் கையிருப்பு குறைவு. 37, 38 முதலில் தீர்ந்துவிடும். ஜனவரியிலேயே கடையில் போய்ப் போட்டுப் பார்த்து, பொருந்துகிற மாடலைச் சொல்லி வைத்துவிட்டால், அந்த அம்மாள் மாதிரி ஒருவர் எடுத்து வைத்துப் போன் செய்வார்.